பங்குச்சந்தை சரியும்போது 'மலிவான' பங்கை கண்டுபிடிப்பது எப்படி? விலை குறைஞ்சதெல்லாம் மலிவு கிடையாது!

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. காலையில் சந்தை திறந்த கொஞ்ச நேரத்திலேயே குறியீடுகள் 10 சதவீதம் சரிந்தன. விதிப்படி வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. மறுபடி திறந்த பிறகும் வீழ்ச்சி நிற்கவில்லை. அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 3,935 புள்ளிகள் சரிந்து 25,981-ல் முடிந்தது. இரண்டு மாதம் முன்பு, ஜனவரியில், அதே சென்செக்ஸ் 42,000-ஐ தாண்டியிருந்தது.

அடுத்த பத்து மாதத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2021 ஜனவரி 21 அன்று சென்செக்ஸ் முதல்முறையாக 50,000-ஐ தொட்டது.

"அப்போ அந்த மார்ச்சில் வாங்கிப் போட்டவங்க எல்லாரும் லாபம் பார்த்திருப்பாங்களே?" என்று கேட்கத் தோன்றும். குறியீட்டை வாங்கியவர்கள் பார்த்தார்கள். ஆனால், 'ரொம்ப இறங்கிடுச்சு, இனி எங்க இறங்கப் போகுது' என்று கையில் கிடைத்த பங்கை எல்லாம் வாங்கியவர்கள்? அவர்களில் பலருக்கு போட்ட பணம் திரும்பவே இல்லை.

சந்தை சரியும் ஒவ்வொரு முறையும் இதே கேள்விதான் வரும். எது நிஜமாகவே மலிவு? எது மலிவு மாதிரி தெரியும் குழி? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விலை வேறு, மதிப்பு வேறு

ஆடித் தள்ளுபடியில் புடவை எடுக்கப் போகிறோம். 2,000 ரூபாய் புடவை 1,000 ரூபாய் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உடனே பில் போடுவோமா? பிரித்துப் பார்ப்போம். சாயம் போகுமா, ஜரிகை பிரிந்திருக்கிறதா, பக்கத்துக் கடையில் இதே புடவை எவ்வளவு என்று விசாரிப்போம். ஆயிரம் ரூபாய் புடவைக்கு இவ்வளவு பார்க்கிற நாம், ஒரு லட்சம் ரூபாய்க்கு பங்கு வாங்கும்போது 'பாதி விலைக்கு வந்துடுச்சு' என்ற ஒரே காரணத்துக்காக வாங்கிவிடுகிறோம்.

பங்கு என்பது ஒரு நிறுவனத்தின் சிறு துண்டு. அந்த நிறுவனம் எவ்வளவு சம்பாதிக்கிறது, இனி எவ்வளவு சம்பாதிக்கும், அதன் சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு... இதெல்லாம் சேர்ந்ததுதான் அதன் மதிப்பு. விலை என்பது இன்று சந்தையில் ஒருவர் அதற்குத் தரத் தயாராக இருக்கும் தொகை, அவ்வளவுதான். மதிப்பை விட விலை கணிசமாக குறைந்திருந்தால்தான் அந்தப் பங்கு மலிவு.

இந்தச் சிந்தனையை முறையாக எழுதி வைத்தவர் அமெரிக்காவின் பெஞ்சமின் கிரஹாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாரன் பஃபெட்டுக்கு பாடம் எடுத்தவர். மதிப்புக்கும் விலைக்கும் நடுவில் ஒரு இடைவெளி வேண்டும், நம் கணக்கு கொஞ்சம் தப்பினாலும் அந்த இடைவெளி நம்மைக் காப்பாற்றும் என்பது அவர் சொன்ன முக்கியமான விஷயம். இதை 'பாதுகாப்பு விளிம்பு' என்கிறார்கள்.

முதலில், மொத்த சந்தையே மலிவா?

தனிப் பங்குக்குப் போவதற்கு முன், சந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஒரு தெர்மாமீட்டர் உண்டு. அதுதான் நிஃப்டி 50 குறியீட்டின் பி.இ. விகிதம். 1 ரூபாய் லாபத்துக்கு சந்தை எத்தனை ரூபாய் விலை தருகிறது என்பதை இது சொல்லும்.

2008 ஜனவரி உச்சத்தில் இது 28-க்கு மேல் இருந்தது. அதே ஆண்டு அக்டோபர் வீழ்ச்சியில் 11-க்கும் கீழே போனது. 2020 மார்ச் 23 அன்று சுமார் 17.

இங்கே ஒரு விஷயத்தை கவனிக்கணும். 2021 மார்ச் கடைசி வரை, நிறுவனங்களின் தனி லாபத்தை வைத்து இந்த விகிதம் கணக்கிடப்பட்டது. அதன் பிறகு துணை நிறுவனங்களின் லாபத்தையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்குக்கு தேசிய பங்குச்சந்தை மாறியது. அதனால் பழைய 28-ஐயும் இன்றைய எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தப்பான முடிவுக்கு வருவோம். 2021-க்குப் பிந்தைய எண்களோடு மட்டும் ஒப்பிடுவது நல்லது.

இன்னொன்று, சந்தை சரிந்தாலே மலிவு என்று அர்த்தமில்லை. 2024 செப்டம்பர் கடைசியில் நிஃப்டி 26,277 என்ற உச்சத்தை தொட்டது. 2025 ஏப்ரல் 7 அன்று, அமெரிக்க வரி அறிவிப்புகளின் பதற்றத்தில் 21,743 வரை இறங்கியது. சுமார் 17 சதவீத சரிவு. ஆனால் உச்சத்தில் ரொம்ப அதிக விலையில் இருந்த பல பங்குகள் இந்தச் சரிவுக்குப் பிறகும் 'அதிக விலை' என்ற இடத்திலிருந்து 'கொஞ்சம் அதிக விலை' என்ற இடத்துக்குத்தான் வந்தன.

பார்க்க வேண்டிய 6 விஷயங்கள்

1. பி.இ. விகிதம்: பங்கின் விலையை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தால் வகுத்தால் வருவது. விலை 400, பங்குக்கான லாபம் 40 என்றால் பி.இ. 10. இதை அதே துறையில் உள்ள மற்ற நிறுவனங்களோடும், அதே நிறுவனத்தின் கடந்த 5, 10 வருட சராசரியோடும் ஒப்பிடணும். சோப்பு விற்கும் கம்பெனியையும் இரும்பு உருக்கும் கம்பெனியையும் ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது.

2. புத்தக மதிப்பு: மொத்த சொத்தில் கடன்களைக் கழித்து, மீதியை பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. விலை இதை விடக் குறைவாக இருந்தால் சொத்து மதிப்புக்கும் கீழே கிடைக்கிறது என்று அர்த்தம். வங்கி, உற்பத்தித் துறைகளுக்கு இது பயன்படும். ஐ.டி. கம்பெனியின் சொத்து அதன் ஆட்கள்தான் என்பதால் அங்கே பெரிதாக உதவாது.

3. கடன்: மந்தநிலையில் விற்பனை குறையும், வட்டி குறையாது. சொந்த மூலதனத்தை விட கடன் பல மடங்கு இருந்தால் எச்சரிக்கை. வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் கடன் வாங்கி கடன் கொடுப்பதே தொழில் என்பதால், அங்கே வாராக்கடன் விகிதத்தையும் மூலதனப் போதுமை விகிதத்தையும் பார்க்கணும்.

4. கைக்கு வரும் ரொக்கம்: லாபம் என்பது கணக்கில் எழுதுவது, ரொக்கம் என்பது வங்கியில் வந்து விழுவது. தொழிலில் இருந்து வரும் ரொக்கம், லாபத்தை விட வருடக்கணக்கில் குறைவாகவே இருந்தால் சரக்கு விற்ற பணம் வசூல் ஆகவில்லை என்று சந்தேகப்படலாம். ஆண்டறிக்கையில் 'கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்' என்ற பக்கத்தில் இது இருக்கும்.

5. புரமோட்டர் அடமானம்: நிறுவனத்தை நடத்துபவர்கள் தங்கள் பங்குகளை அடமானம் வைத்து கடன் வாங்கியிருக்கிறார்களா? விலை சரியச் சரிய, கடன் கொடுத்தவர் அந்தப் பங்குகளை சந்தையில் விற்பார். அதனால் விலை இன்னும் சரியும். இந்தத் தகவல் ஒவ்வொரு காலாண்டு முடிந்து 21 நாட்களுக்குள் பங்குச்சந்தை இணையதளங்களில் வந்துவிடும். காசு கொடுத்து யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

6. பிரச்சினை தற்காலிகமா, நிரந்தரமா: எண்களில் இதற்கு பதில் கிடைக்காது. 'இந்தக் கம்பெனி எதை விற்கிறது? 5 வருடம் கழித்தும் ஜனங்க இதை வாங்குவாங்களா?' என்று நாமே யோசித்துத்தான் கண்டுபிடிக்கணும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்

இரண்டு கற்பனை நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுமே சரிவுக்கு முன் 600 ரூபாய். இரண்டுக்கும் பங்குக்கான லாபம் 40 ரூபாய், புத்தக மதிப்பு 250 ரூபாய்.

இப்போது 'அ' நிறுவனம் 400 ரூபாய்க்கு வந்துவிட்டது. பி.இ. 10. 'ஆ' நிறுவனம் 200 ரூபாய்க்கே வந்துவிட்டது. பி.இ. வெறும் 5. எது மலிவு?

கிரஹாம் சொன்ன அளவுகோல் ஒன்று உண்டு. பங்குக்கான லாபம், புத்தக மதிப்பு, 22.5 மூன்றையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்கணும். (பி.இ. 15-க்கு மேல் போகக்கூடாது, புத்தக மதிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் விலை தரக்கூடாது என்றார் அவர். 15-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 22.5.) 40 x 250 x 22.5 = 2,25,000. வர்க்கமூலம் சுமார் 474.

அதாவது இரண்டு பங்குக்குமே 474 ரூபாய் வரை கொடுக்கலாம் என்கிறது கணக்கு. அப்படியானால் 200 ரூபாய்க்கு கிடைக்கும் 'ஆ'தான் அள்ளிக்கொள்ள வேண்டிய பங்கு, இல்லையா?

இப்போது மற்ற பக்கங்களைப் புரட்டுவோம். 'அ'வுக்கு கடன் மிகக் குறைவு, லாபத்துக்கு இணையாக ரொக்கமும் வருகிறது. 'ஆ'வுக்கு மூலதனத்தைப் போல 4 மடங்கு கடன். மூன்று வருடமாக ரொக்கம் வரவில்லை. புரமோட்டர் பங்கில் 70 சதவீதம் அடமானத்தில். அடுத்த வருடம் வட்டி கட்டியது போக பங்குக்கான லாபம் 40-லிருந்து 8 ரூபாயாக குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 200 ரூபாய் விலையில் பி.இ. இப்போது 25! நேற்று மலிவு என்று நினைத்தது ஒரே வருடத்தில் அதிக விலை ஆகிவிட்டது.

பி.இ. கணக்கிடும்போது நாம் எடுத்துக்கொள்வது கடந்த வருட லாபம். வாங்கப்போவதோ வரும் வருட லாபத்தை. சந்தை 200 ரூபாய்க்கு இறக்கியது, அந்த லாபம் நிலைக்காது என்று சந்தேகப்பட்டதால்தான். சந்தை எல்லா நேரமும் சரியாக இருக்காது. ஆனால் அது ஏன் சந்தேகப்படுகிறது என்று தெரியாமல் வாங்கக் கூடாது.

மலிவு மாதிரி தெரிந்த குழிகள்

கடன் குழி: திவான் ஹவுசிங் ஃபைனான்ஸ், அதாவது டி.ஹெச்.எஃப்.எல். 2018 செப்டம்பர் 21 அன்று ஒரே நாளில் இந்தப் பங்கு 40 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. 610 ரூபாயில் இருந்தது 350 ரூபாய் அளவுக்கு வந்தது. லாபம் காட்டிக்கொண்டிருந்த, வீட்டுக்கடன் தரும் பெரிய நிறுவனம். 'பாதி விலைக்கு கிடைக்குதே' என்று வாங்கியவர்கள் ஏராளம். 2019 நவம்பரில் ரிசர்வ் வங்கி இயக்குநர் குழுவைக் கலைத்து, நிறுவனத்தை திவால் நடவடிக்கைக்கு அனுப்பியது. 2021-ல் பிரமல் குழுமம் கையகப்படுத்தியபோது பழைய பங்குதாரர்களுக்கு கிடைத்தது பூஜ்யம். பங்கே சந்தையில் இருந்து நீக்கப்பட்டது. 350-லும் வாங்கி, 100-லும் வாங்கி, 20-லும் வாங்கி 'ஆவரேஜ்' செய்தவர்களுக்கும் அதே பூஜ்யம்தான்.

பொய்க்கணக்கு குழி: 2009 ஜனவரி 7. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகள் ஜோடிக்கப்பட்டவை என்று கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. அன்று ஒரே நாளில் பங்கு 75 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. முந்தைய நாள் வரை இதைப் பார்த்தவர்களுக்கு கையில் காசு உள்ள, மலிவான ஐ.டி. பங்காகத்தான் தெரிந்திருக்கும். எந்த விகிதமும் இதைக் காட்டியிருக்காது. ஆனால் ஒரு கேள்வி சந்தேகத்தைக் கிளப்பியிருக்கும். 2008 டிசம்பரில், தலைவரின் குடும்பத்துக்குத் தொடர்புடைய மேட்டாஸ் நிறுவனங்களை சத்யம் பணத்தில் வாங்க முயன்றது ஏன்? முதலீட்டாளர்களின் எதிர்ப்பால் அந்த முயற்சி கைவிடப்பட்டது. நிர்வாகம் தன் சொந்தக்காரர்களோடு செய்யும் கொடுக்கல் வாங்கலை எப்போதும் கவனிக்கணும்.

வங்கிக் குழி: 2018 ஆகஸ்டில் யெஸ் வங்கி பங்கு 400 ரூபாய். வாராக்கடன் பிரச்சினை வெளியே வர வர விலை இறங்கிக்கொண்டே போனது. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது, டெபாசிட்தாரர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாத நிலை. எஸ்.பி.ஐ. தலைமையில் வங்கி காப்பாற்றப்பட்டது, டெபாசிட் பணம் தப்பியது. ஆனால் 100-க்கு மேல் பங்கு வைத்திருந்தவர்களின் 75 சதவீதப் பங்குகள் 3 வருடம் விற்க முடியாமல் முடக்கப்பட்டன. வங்கி பிழைப்பது வேறு, பங்குதாரர் பிழைப்பது வேறு என்று பலருக்கும் புரிந்தது அப்போதுதான்.

சுழற்சிக் குழி: இதில் ஏமாற்று எதுவும் கிடையாது. இரும்பு, சிமென்ட், சர்க்கரை போன்ற தொழில்களில் லாபம் அலை மாதிரி ஏறி இறங்கும். டாடா ஸ்டீல் 2021-22 நிதியாண்டில் 41,749 கோடி ரூபாய் லாபம் ஈட்டியது. அந்த லாபத்தை வைத்துப் பார்த்தால் பி.இ. ஒற்றை இலக்கம். அடுத்த ஆண்டே லாபம் 8,075 கோடியாக குறைந்தது. 2023-24-ல் 4,900 கோடிக்கு மேல் நஷ்டம். இத்தகைய பங்குகளில் பி.இ. மிகக் குறைவாகத் தெரிவது பெரும்பாலும் லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான். ஒரு வருட லாபத்தைப் பார்க்காமல் 7, 8 வருட சராசரி லாபத்தை வைத்துக் கணக்குப் போடணும்.

சரியான வாய்ப்பு எப்படி இருக்கும்?

2020 மார்ச்சுக்கே திரும்பப் போவோம். நம்ம ஓசூரில் ஆலை வைத்திருக்கும், டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நிறுவனம். ஊரடங்கில் நகைக்கடைகள் எல்லாம் பூட்டு. கல்யாணங்கள் தள்ளிப்போயின. பிப்ரவரியில் 1,200 ரூபாய்க்கு மேல் இருந்த பங்கு, மார்ச் 23 வாக்கில் 900-க்கும் கீழே வந்தது. 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நஷ்டமும் வந்தது.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கடை திறந்த பிறகு ஜனங்க நகை வாங்காமல் இருப்பாங்களா? தள்ளிப்போன கல்யாணம் நடக்காமல் போகுமா? பிரச்சினை தற்காலிகம். 2019-20-ல் சுமார் 1,500 கோடியாக இருந்த ஆண்டு லாபம் 2021-22-ல் சுமார் 2,200 கோடியானது. 2021 இறுதியில் பங்கு 2,000 ரூபாயைத் தாண்டியிருந்தது.

இதில் ஒரு சுவாரசியம். அந்த வீழ்ச்சியிலும் டைட்டனின் பி.இ. குறைவாக இல்லை. பி.இ. 10-க்கு கீழே உள்ளவற்றை மட்டும் வடிகட்டித் தேடியிருந்தால் இந்தப் பங்கு கண்ணிலேயே பட்டிருக்காது. எண்கள் தேடுவதற்கான தொடக்கம் மட்டுமே என்று சொல்வது இதனால்தான். இப்படித் தெளிவாக சொல்வதும் நடந்து முடிந்த பிறகுதான் சுலபம். அன்று வாங்கியவர்களுக்கு கடைகள் எப்போது திறக்கும் என்றே தெரியாது.

'ஆவரேஜ்' செய்யலாமா?

100 ரூபாய்க்கு வாங்கியது 50 ஆனால், பழைய விலைக்கு வர 100 சதவீதம் ஏறணும். 20 ஆனால் 400 சதவீதம் ஏறணும். இந்தக் கணக்கு தெரியாமல்தான் பலர் 'இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டா சரியாயிடும்' என்று நல்ல பணத்தை கெட்ட பங்கின் பின்னால் அனுப்புகிறார்கள்.

மறுபடி வாங்கும் முன் உங்களையே கேளுங்கள். 'இந்தப் பங்கு என்னிடம் இல்லை என்று வைத்துக்கொண்டால், இன்று புதிதாக இதை வாங்குவேனா?' பதில் 'இல்லை' என்றால் ஆவரேஜும் வேண்டாம்.

எந்தப் பணத்தை போடலாம்?

2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,206 என்ற உச்சத்தை தொட்டது. அந்த உச்சத்தை மறுபடி தாண்ட 2013 நவம்பர் வரை ஆனது. ஏறக்குறைய 6 வருடம். 2020 மாதிரி பத்தே மாதத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அதனால் அடுத்த வருடக் காலேஜ் ஃபீஸ், மகளின் கல்யாணத்துக்கு எடுத்து வைத்தது, ரிட்டயர் ஆனபோது வந்த மொத்தப் பணம், நகையை அடகு வைத்து வாங்கியது... இவை எதுவும் சரிவு நேரத்தில் பங்குக்குப் போகக் கூடாது. உங்கள் கணிப்பு சரியாகவே இருந்தாலும், பணம் அவசரமாகத் தேவைப்படும் நாளில் விலை கீழே இருந்தால் நஷ்டத்தில் விற்கத்தான் வேண்டிவரும்.

புரோக்கர் தரும் மார்ஜின் கடனில் வாங்குவது இன்னும் ஆபத்து. விலை குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் உங்களைக் கேட்காமலே விற்றுவிடுவார்கள்.

வாங்குவதையும் பிரித்து வாங்கலாம். அடிமட்டம் எது என்று யாருக்கும் தெரியாது. 60,000 ரூபாய் இருந்தால் மாதம் 10,000 என்று 6 மாதம். ஒரே பங்கில் எல்லாவற்றையும் கொட்டவும் வேண்டாம். ஆண்டறிக்கை படிக்கவெல்லாம் நேரம் இல்லை என்பவர்களுக்கு இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போதும். அதில் ஒரு நிறுவனம் கவிழ்ந்தாலும் மொத்தமும் போகாது.

டெலிகிராம் 'டிப்ஸ்' வருதா?

சந்தை விழுந்தால் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் '3 மாதத்தில் டபுள்' என்று பங்குப் பெயர்கள் பறக்கும். சிலர் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, மற்றவர்களை வாங்கவைத்து விலையை ஏற்றிவிட்டு, தங்களுடையதை விற்றுவிட்டுப் போவார்கள். பரிந்துரை செய்பவருக்கு செபி பதிவு எண் இருக்கிறதா என்று செபி இணையதளத்தில் தேடிப் பாருங்கள். பதிவு பெற்றவராக இருந்தாலும், 'இத்தனை சதவீதம் நிச்சயம்' என்று உறுதி தர அவருக்கு அனுமதி இல்லை. புகார் இருந்தால் செபியின் 'ஸ்கோர்ஸ்' தளத்தில் பதிவு செய்யலாம்.

வாங்கும் முன் 5 வரி எழுதுங்கள்

கடைசியாக, செலவே இல்லாத ஒரு வழி. பங்கு வாங்கும் முன் ஒரு நோட்டில் 5 வரி எழுதுங்கள்.

இந்தக் கம்பெனி எப்படி சம்பாதிக்கிறது? விலை ஏன் இறங்கியது? அந்தக் காரணம் தற்காலிகம் என்று எதை வைத்து நம்புகிறேன்? என் கணக்கில் இதன் மதிப்பு எவ்வளவு? எது நடந்தால் நான் நினைத்தது தப்பு என்று ஒத்துக்கொண்டு விற்பேன்?

இந்த 5 வரியை எழுத முடியவில்லை என்றால் அந்தப் பங்கை விட்டுவிடுங்கள். ஒரு வாய்ப்பு போனால் இன்னொன்று வரும், சந்தை மறுபடியும் சரியும். அதுவரை கையில் பணம் இருக்கணும்.

(இந்தக் கட்டுரை தகவலுக்காக மட்டுமே. இதில் குறிப்பிடப்பட்ட எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ பரிந்துரைக்கவில்லை. முதலீட்டு முடிவுகளுக்கு முன் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரை அணுகவும்.)